மலைநாட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கப் போகிறீர்களா? புத்தகத்திலிருந்து பிரேக் வரை

போன வருடம் ஒரு பழைய யமஹா ஆர்15 வாங்கினேன். பைக் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதன் புத்தகம், அதாவது பதிவுச் சான்றிதழ், என் பெயருக்கு வந்தது அதற்கு ஏழு மாதம் கழித்து. இடையில் ஹட்டனில் விடியற்காலை பஸ் பிடித்து மூன்று தடவை நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போனேன்; இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினேன். அதற்குச் செலவான சல்லிக்கு ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கியிருக்கலாம்.

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, பதுளைப் பக்கம் இருந்துகொண்டு முதல் தடவையாக 150, 200 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய பைக்கைப் பற்றி மட்டும்தான். மோட்டார் சைக்கிள் இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் நம் கைக்கு எட்டும் விலையில் சுற்றுபவை பெரும்பாலும் 2020க்கு முன் வந்த வண்டிகள். நாலு கை மாறியவை. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1. பைக்கைப் பார்க்கும் முன் உங்கள் லைசன்ஸைப் பாருங்கள்

ஏ1 வகுப்பு 100 சிசி வரைக்கும்தான். அதற்கு மேலே போனால் ஏ வகுப்பு வேண்டும். ஸ்கூட்டி ஓட்ட ஏ1 எடுத்துவிட்டு, "பைக் லைசன்ஸ் இருக்கு" என்று 150 சிசி ஓட்டுகிற பலரை எனக்குத் தெரியும். பொலிஸ் மறித்தால் வழக்கு. அதைவிடப் பெரிய ஆபத்து, விபத்து நடந்த பிறகு காப்புறுதிக்காரர் அந்த அட்டையைத் திருப்பிப் பார்ப்பது.

லைசன்ஸே இல்லாதவர்கள் மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பயிலுநர் அனுமதி, ஓட்டப் பரீட்சை என்று எல்லாவற்றையும் தாண்ட மாதக் கணக்கில் ஆகும். பைக்கை வாங்கி லயத்து வாசலில் தார்ப்பாயால் மூடி வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் பெட்டரி செத்துவிடும். லைசன்ஸ் முதலில், பைக் அப்புறம்.

2. எந்த பைக்? தாளில் உள்ள எண்ணும் மலையில் உள்ள எண்ணும்

விற்கிறவர் சொல்வது பவர். நமக்கு ஏற்றத்தில் தேவை இழுவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் போய்விடும்.

ஆர்15 வி3 (மூன்றாம் பதிப்பு) எடுத்துக்கொள்ளுங்கள். 155 சிசி, தண்ணீரில் குளிரும் எஞ்சின், 19.3 குதிரைத்திறன். ஆனால் அந்த 19.3 வருவது 10,000 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவை சுற்றும்போது. முழு இழுவை வருவது 8,500இல். சுசுகி ஜிக்சர் எஸ்எஃப்பும் அதே 155 சிசிதான். காற்றில் குளிரும் எஞ்சின், பவர் 14 வாக்கில். காகிதத்தில் பார்த்தால் ஏழை வீட்டுப் பிள்ளை. ஆனால் அதன் முழு இழுவையும் 6,000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு, முன்னால் ஒரு கொழுந்து லொறி ஊர்ந்து போக, றம்பொடை வளைவுகளில் ஏறும்போது இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். ஜிக்சர் மூன்றாம் கியரில் முனகாமல் ஏறும். ஆர்15ஐ இரண்டாம் கியரில் கத்த வைக்க வேண்டும். தனியாக ஓடுகிறவருக்கு அந்தக் கத்தல் ஒரு சந்தோஷம், நான் இல்லை என்று சொல்லவில்லை. தினமும் மனைவியையோ தங்கச்சியையோ வேலைக்கு இறக்கிவிட வேண்டியவர் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று உயரம். நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்தால் பவரும் அதே அளவு குறையும். எஃப்ஐ பைக் (பெற்றோலை மின்னணு முறையில் அளந்து பீச்சுவது) காற்றுக்கு ஏற்றபடி பெற்றோலைக் குறைத்து ஒழுங்காக ஓடும். போன பவரைத் திருப்பித் தராது. காபரேட்டர் பைக் அதையும் செய்யாது. பெற்றோல் கூடிப்போய்க் கரும்புகை தள்ளும், பிளக் கறுக்கும். கொழும்பிலோ குருநாகலிலோ ஓடிய காபரேட்டர் பைக்கை மேலே கொண்டு வந்தால் முதல் வேலை அதை டியூன் பண்ணுவது.

பல்சர் ஆர்எஸ்200 பற்றிக் கேட்பீர்கள். 199.5 சிசி, 24.5 குதிரைத்திறன். ஏற்றத்தில் நல்ல வண்டிதான். ஆனால் முதல் பைக்காக வாங்குகிறவருக்கு, ஈரமான தோட்டத்து ரோட்டில் அந்தப் பாரத்தைத் திருப்புவது சுலபம் இல்லை.

இனி ஸ்போர்ட்ஸ் பைக்குக்கே உரிய அம்சங்களுக்கு வருவோம். விளம்பரத்தில் இவற்றை அடுக்கிப் போடுவார்கள். நம் ஊருக்கு எது உதவும், எது வெறும் அழகு?

ஏபிஎஸ் (சடாரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டாமல் காப்பது): இருந்தால் எடுங்கள், விலை கூடினாலும். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு இது முழுக்கக் கட்டாயமானது 2019 ஏப்ரலில். அதற்கு முந்திய வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது. ஸ்டிக்கரை நம்பாதீர்கள், ஸ்டிக்கர் எந்தக் கடையிலும் கிடைக்கும். குனிந்து சக்கரத்தைப் பாருங்கள். பிரேக் டிஸ்க்குக்கு உள்பக்கமாகச் சின்னச் சின்ன வெட்டுகள் உள்ள இன்னொரு வளையமும், அதன் பக்கத்தில் வயரோடு ஒரு சென்சாரும் இருக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்க நிறத் தலைகீழ் போர்க் (முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் குழாய்கள்): பார்க்க அழகு. இந்தோனேசியாவிலிருந்து வந்த ஆர்15 வி3யில் இது உண்டு, ஏபிஎஸ் இல்லை. இந்தியாவில் செய்த வி3யில் சாதாரண போர்க். 2019க்குப் பிந்தியவற்றில் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். நான் தங்க நிறத்தில் மயங்கினவன். இன்று கேட்டால் மற்றதைத்தான் எடுப்பேன்.

ஸ்லிப்பர் கிளட்ச்: இறக்கத்தில் சடாரென்று கியரைக் குறைத்தால் பின்சக்கரம் பூட்டாமல் காப்பாற்றும். வி3யில் உண்டு, வி2யில் இல்லை. நமக்கு இது உண்மையிலேயே பிரயோசனமான சாமான்.

தாழ்ந்த ஹேண்டில்: கடுகண்ணாவை ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டுக்கு வரும். நானுஓயாவிலிருந்து ரதல்லை குறுக்கு வீதியில் ஒரு தடவை இறங்கிப் பார்த்தால் புரியும். உங்கள் வீடு பெரிய ரோட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர் தோட்டத்து ரோட்டில் உள்ளே என்றால், நேராக உட்காரும் பல்சர், அப்பாச்சி வகையையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஃபேரிங் (பைக்கை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை): மழையையும் குளிர்காற்றையும் கொஞ்சம் தடுக்கும். ஆனால் நின்ற இடத்தில் சாய்ந்தாலே ஒரு பக்கம் வெடிக்கும். ஒரிஜினல் துண்டு கிடைக்க நாள் ஆகும், விலையும் அதற்கேற்ப.

3. பைக்கைப் பார்க்கப் போகும் காலை

காலையிலேயே போங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது. "ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் அண்ணே, நான் வந்து பார்க்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காகச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள்.

தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. போக்குவரத்து, சாப்பாடு, ஒரு நாள் கூலி கொடுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் பண்ணினேன், பிறகு பத்து மடங்காகக் கட்டினேன். ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே இவற்றைப் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. நான் வாங்கிய பைக்கின் முன்டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேல் வெட்டுகள்) நன்றாக இருந்தது, அதனால் மேலும் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் வட்டவளையில் லேசான தூறல், ஒரு வளைவு, முன்சக்கரம் தன் பாட்டுக்கு வழுக்கியது. எப்படியோ நிமிர்த்தினேன். வீட்டுக்கு வந்து டோர்ச் அடித்துப் பார்த்தால் 1114. பத்து வருடத்து ரப்பர், நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது.

முன் போர்க் குழாயில் விரலை ஓட்டுங்கள். எண்ணெய் ஒட்டினால் சீல் போய்விட்டது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, அது போய் முட்டும் இடத்தில் நசுங்கல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரிய அடி பட்ட வண்டி. கால் மிதி நுனி, பிரேக் லீவர் நுனி, சைலன்சரின் அடிப்பக்கம், மூன்றும் ஒரே பக்கத்தில் உரசியிருந்தால் அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. விழாத பழைய ஸ்போர்ட்ஸ் பைக் அபூர்வம்தான். எப்படி விழுந்தது என்று கேட்டால் நேராகப் பதில் வருகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள். சமதரையில் ஓட்டிப் பிரயோசனம் இல்லை. ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். இறக்கத்தில் நாலைந்து தடவை பிரேக் பிடித்த பிறகு லீவர் முதலில் இருந்ததைவிட உள்ளே போகிறதா என்று கவனியுங்கள்.

4. புத்தகம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

பதிவுச் சான்றிதழைத்தான் நாம் புத்தகம் என்கிறோம். ஒரிஜினலைக் கையில் வாங்குங்கள், போட்டோ கொப்பி போதாது. அதில் உள்ள சேசி இலக்கத்தை ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும் இலக்கத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் அப்படியே. சேறு படிந்திருந்தால் துணியால் துடையுங்கள், வெட்கப்பட வேண்டாம். புத்தகத்தில் உள்ள நிறம் வேறு, வண்டியின் நிறம் வேறு என்றால் அதுவும் பின்னால் தலைவலி.

அடுத்தது லீசிங். புத்தகத்தில் 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் வண்டி இன்னும் அவர்களுடையது. "கடைசி தவணை கட்டிட்டேன் தம்பி, கடிதம் வரணும்" என்பார்கள். கடிதம் வரட்டும், பிறகு வாருங்கள் என்று எழுந்துவிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்தால் இந்த விவரத்தை நீங்களே பார்க்கலாம். முற்பணம் கொடுக்கும் முன் அதைச் செய்யுங்கள்.

இப்போது என்னைக் கவிழ்த்த விஷயம்: ஓபன் பேப்பர்.

புத்தகத்தில் இருக்கும் ஆள் ஒருவர். அவர் மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்டு, அடுத்தவருக்கு விற்றிருப்பார். அவர் அதே பத்திரத்தோடு இன்னொருவருக்கு. யாரும் தன் பெயருக்கு மாற்றாமல் நாலாவது ஆளாக நீங்கள் வருவீர்கள். எனக்கு விற்றவர் மூன்றாவது ஆள். "எல்லாப் பேப்பரும் ரெடி தம்பி, நீங்க பெயரை எழுதினாச் சரி" என்றார். பேப்பர் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. கூடவே இருந்த அடையாள அட்டைப் பிரதி பழைய ஒன்பது இலக்க எண்ணோடு. அந்த ஆள் இடையில் புதிய பன்னிரண்டு இலக்க அட்டை எடுத்திருந்தார். கையெழுத்தும் பழையதோடு ஒத்து வரவில்லை. திணைக்களத்தில், உரிமையாளரைக் கூட்டி வா என்றார்கள். அவரோ கட்டாரில் வேலை. லீவில் ஊருக்கு வரும்வரை காத்திருந்தேன். நல்ல மனிதர், வந்து கையெழுத்துப் போட்டார். அவர் இறந்திருந்தால் வாரிசுகளைத் தேடி அலைந்திருப்பேன்.

ஆகவே என் விதி: புத்தகத்தில் உள்ள பெயரும் எனக்கு முன்னால் நிற்கும் ஆளின் அடையாள அட்டையும் ஒன்றாக இல்லாவிட்டால் பைக் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஓபன் பேப்பர் வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே இதுதான்.

5. சல்லி கைமாறும் நாள்

வாங்க வேண்டியவை: புத்தகம், உரிமையாளர் கையெழுத்திட்ட எம்டிஏ 6, எம்டிஏ 8 பத்திரங்கள், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, லீசிங் இருந்திருந்தால் விடுவிப்புக் கடிதம், நடப்பு வருமான அனுமதிப்பத்திரம் (வண்டியின் வருட லைசன்ஸ்), புகைப் பரிசோதனைச் சான்றிதழ், இரண்டாவது சாவி. எம்டிஏ 6 வாங்குபவரின் விண்ணப்பம். எம்டிஏ 8 விற்பவர் திணைக்களத்துக்குக் கொடுக்கும் அறிவித்தல்.

பெயர்களில் கவனம். நம் ஆட்களின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி இருப்பது சாதாரணம். பத்திரத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள், ஓர் எழுத்துக்கூட மாறக்கூடாது.

பணத்தை முடிந்தவரை வங்கி மூலம் அனுப்புங்கள். காசாகக் கொடுத்தால் திகதி, நேரம், தொகை, வண்டி இலக்கம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். நேரத்தை ஏன் எழுத வேண்டும் என்றால், அன்று காலை அந்த பைக் எங்காவது விபத்தில் மாட்டியிருந்தால் அது உங்கள் தலையில் விழக்கூடாது.

6. பெயர் மாற்றம்

கைமாறியதிலிருந்து 14 நாள். பிந்தினால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். மேலே இருந்து கொழும்புக்குப் போகும் முன் உங்கள் மாவட்ட அலுவலகத்தில் அந்த வேலை நடக்குமா, நாள் முன்பதிவு வேண்டுமா என்று தொலைபேசியில் கேளுங்கள். நான் முதல் தடவை கேட்காமல் போனேன். அந்த ஒரு நாள் அப்படியே வீண்.

முடிந்தால் விற்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் காசும் சாப்பாடும் உங்கள் கணக்கு. கையெழுத்தில் சந்தேகம் வந்தால் அங்கேயே தீர்ந்துவிடும். வாசலில் நிற்கும் தரகர்கள் "அரை மணியில் முடிச்சுத் தாறேன்" என்பார்கள். பத்திரம் சரியாக இருந்தால் அவர்கள் தேவையில்லை, பிழையாக இருந்தால் அவர்களாலும் முடியாது.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். புதுப் புத்தகம் தபாலில் வந்தால் நேரே உங்கள் லயத்துக்கு வராது, தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். அங்கே ஒரு மூலையில் கிடந்து திரும்பிப் போன கதைகள் உண்டு. தப்பால்காரரிடமும் (தோட்டத்துக்குத் தபால் எடுத்து வருபவர்) தபால் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாகன இலக்கத்தை ஒரு துண்டில் எழுதித் தப்பால்காரர் கையில் கொடுத்தேன். என் புத்தகம் தப்பியது அதனால்தான்.

7. காப்புறுதி, புகை, வருட லைசன்ஸ்

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் வேண்டும். அதனால் அந்த வரிசையிலேயே போங்கள். பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். முந்திய ஆள் இரண்டு வருடம் கட்டாமல் விட்டிருந்தால் அந்த நிலுவை இப்போது உங்களுடையது. விலை பேசும்போதே கழித்துவிடுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மலிவு, சட்டத்துக்கு அது போதும். ஆனால் உங்கள் பைக் உடைந்தால் ஒரு சதமும் வராது. முதல் வருடம் முழுக் காப்புறுதி எடுங்கள், அதுவும் உங்கள் பெயரில். பழைய ஆளின் காப்புறுதி இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று அதிலேயே ஓடாதீர்கள்.

காபரேட்டர் பைக் உள்ளவர்கள் டியூன் பண்ணிய பிறகு புகைப் பரிசோதனைக்குப் போங்கள். சத்தம் போடும் சைலன்சர் மாட்டியிருந்தால் ஒரிஜினலையும் கேட்டு வாங்குங்கள். பொலிஸ் அதைத் தேடித்தேடிப் பிடிக்கிறது.

8. முதல் மாதச் செலவு

பைக்குக்கு ஒதுக்கிய சல்லி முழுவதையும் பைக்குக்கே கொடுத்துவிடாதீர்கள். எனக்கு இரண்டு டயர், சங்கிலியும் பல்சக்கரமும், போர்க் சீல், பிரேக் பேட், எஞ்சின் ஒயில் என்று முதல் மாதமே ஒரு லட்சத்தைத் தாண்டியது. இதில் எதையும் தள்ளிப் போட முடியவில்லை.

பிரேக் எண்ணெயை முதல் வாரமே மாற்றுங்கள். டப்பாவில் டொட் 4 என்று இருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழி விடும். பிறகு லீவரைப் பிடித்தால் பஞ்சை அமுக்குவது மாதிரி இருக்கும். நம் ஊர் மூடுபனியில் ஈரத்துக்கா குறைச்சல்? லபுக்கலையிலிருந்து கீழே வரும்போது எனக்கு அப்படி ஆனது. பின்னால் மச்சான் உட்கார்ந்திருந்தான். கியரை இரண்டுக்கு, பிறகு ஒன்றுக்கு இறக்கி எஞ்சினாலேயே பிடித்து ஒரு தேயிலைக் கடை வாசலில் நிறுத்தினேன். மச்சான் அரை மணி நேரம் பேசவில்லை.

இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விடாதீர்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள்.

ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இருப்பவர்கள் டயர் வேலையை மே மாதத்துக்கு முன் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு செப்டெம்பர் வரை ரோடு முழுதாகக் காய்வதைப் பார்ப்பது கஷ்டம். பதுளை, வெலிமடைப் பக்கத்தவர்களுக்கு ஒக்டோபர் வரை நேரம் இருக்கிறது.